டேப் வாங்குமுன் ஒரு வகுத்தல் கணக்கு

வாசகி ஒருவர் திண்டுக்கல் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். மகன் உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 38. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆப் கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்து, பையனுக்கு ஒரு சோதனை வைத்து, “கான்செப்ட் வீக்கா இருக்கு” என்று சொல்லியிருக்கிறார். டேபோடு சேர்த்து மூன்று வருட கோர்ஸ் 54,000 ரூபாய். மாதம் 2,250 வீதம் 24 தவணை. தினமும் மூன்று மணி நேரம் பார்த்தால் 90 மார்க் உறுதியாம். அடுத்த ஞாயிறு திரும்ப வருகிறாராம். கணவர் வேனில் சரக்கு ஓட்டுகிறார், தான் வீட்டில் தையல் வேலை என்கிறார். “பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டார்கள். நாங்கள் வாங்கிக் கொடுக்காமல் விட்டால் பையன் பின்தங்கிவிடுவானோ என்று தூக்கம் வரவில்லை. வாங்கலாமா, சொல்லுங்கள்.”

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. வாங்க வேண்டாம். வரும் ஞாயிறு அவர் வந்தால் காபி கொடுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

காரணம் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை. இன்று சாயங்காலம் பையன் வந்ததும், ரஃப் நோட்டில் மூன்று கணக்கு எழுதிக் கொடுங்கள். 7035 வகுத்தல் 7. அரை கூட்டல் மூன்றில் ஒன்று. அப்புறம் மைனஸ் 7 கூட்டல் 3. கால்குலேட்டர் வேண்டாம். பக்கத்தில் நின்று “இது கூடத் தெரியலையா” என்று கேட்கவும் வேண்டாம். நீங்கள் பாட்டுக்குத் தையல் மெஷினில் உட்காருங்கள்.

சரியான விடைகள் 1005, ஆறில் ஐந்து, மைனஸ் 4. நான் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். கடைசி எட்டு வருடம் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில். ஒன்பதாம் வகுப்பில் 35-லிருந்து 45-க்குள் வாங்குகிற பிள்ளைகளிடம் இந்த மூன்றையும் கொடுத்தால் வழக்கமாக வருகிற விடைகள் எனக்கு மனப்பாடம். முதல் கணக்குக்கு 105, சில சமயம் வெறும் 15. இரண்டாவதற்கு ஐந்தில் இரண்டு. மூன்றாவதற்கு மைனஸ் 10.

முதல் கணக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஏழில் ஏழு ஒரு தரம், மேலே 1. அடுத்த 0-வை இறக்குகிறான். அதில் ஏழு போகாது. போகாது என்றால் ஈவில் ஒரு 0 போட வேண்டும். அடுத்து 3-ஐ இறக்குகிறான், அதிலும் போகாது, இன்னொரு 0. அப்புறம் 5, ஆக 35, ஐந்து தரம். 1005. 105 என்று எழுதுகிற பையனுக்கு வாய்ப்பாடு தெரியும், இறக்கி வகுக்கவும் தெரியும். “போகவில்லை என்றால் அந்த இடம் காலியாக இருக்கிறது, அதற்கு ஒரு குறி போட வேண்டும்” என்பது மட்டும் தெரியாது. இது நான்காம், ஐந்தாம் வகுப்பில் விட்டுப்போன விஷயம். அங்கே விட்டுப்போன பையனுக்குத்தான் இப்போது பள்ளியில் இயற்கணிதமும் பல்லுறுப்புக்கோவை வகுத்தலும் நடக்கிறது. 38 மார்க் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் கண மொழியிலும் ஒரு மார்க் கேள்விகளிலும் வந்திருக்கும்.

உங்கள் பையனுக்கும் அப்படித்தான் என்றால், அந்தக் கம்பெனிக்காரர் காட்டிய வண்ணப் படம் ஓடும் ஒன்பதாம் வகுப்பு வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும், ஐந்தாம் வகுப்பு ஓட்டையை அடைக்காது. அவன் உட்கார்ந்து பார்ப்பான். புரிந்த மாதிரியும் இருக்கும்.

இந்தப் “புரிந்த மாதிரி” ஆளை ஏமாற்றுவது. போன வருடம் உறவுக்காரப் பையன் ஒருவனோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருபடிச் சமன்பாடு வீடியோ. ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டான், நடுவில் இரண்டு தரம் விரலால் தள்ளினான், பன்னிரண்டு நிமிட வீடியோ ஏழு நிமிடத்தில் முடிந்தது. திரையில் பச்சை டிக் விழுந்தது. “புரிஞ்சுதாடா?” “சூப்பரா புரிஞ்சுது தாத்தா.” போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, 3x கழித்தல் 7 சமம் 11 என்று எழுதிக் கொடுத்தேன். 3x சமம் 4 என்று எழுதினான். கழித்தல் அந்தப் பக்கம் போனால் கூட்டலாகும் என்று அந்த வீடியோவில் மூன்று தரம் சொன்னார்கள், நானும் கேட்டேன்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் செய்த ஒரு சோதனை இதற்குப் பொருந்தும். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம். படித்துவிட்டு மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தால் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வீடியோ பார்ப்பது திரும்பப் படிப்பது மாதிரி. கம்பெனிக்காரர் உங்கள் வீட்டில் செய்து காட்டுவது ஐந்து நிமிடத் தேர்வு. காலாண்டு, அரையாண்டு என்பதெல்லாம் அதற்கு ரொம்ப நாள் கழித்து வருகிறது.

“சாதனம் கையில் வந்தாலே படிப்பு வரும்” என்பதை உலகத்தில் பெரிய செலவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பெரு நாட்டில் ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். 319 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, கொடுத்த பள்ளியையும் கொடுக்காத பள்ளியையும் ஒப்பிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்கு அடையாளமே இல்லை. பிள்ளைகள் லேப்டாப்பைப் பயன்படுத்தினார்கள், அதில் குறை இல்லை. படிப்பில்தான் தெரியவில்லை.

மூன்று மணி நேரம் என்கிறாரே, அதற்கும் ஒரு வார்த்தை. பிசா என்று பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான உலகத் தேர்வு ஒன்று உண்டு. 2022 தேர்வில், பள்ளியில் படிப்புக்காக ஒரு நாளில் ஒரு மணி நேரம் வரை சாதனம் பயன்படுத்தியவர்கள், அறவே பயன்படுத்தாதவர்களைவிடக் கணக்கில் 14 புள்ளி கூட வாங்கினார்கள். அதனால் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரொம்ப அதிகம் பயன்படுத்துகிறவர்கள் கீழே போய்விடுகிறார்கள் என்று இதை நடத்தும் அமைப்பு 2015-லேயே எழுதிவிட்டது. அதே 2022 தேர்வில், மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் கணக்கு வகுப்பில் சாதனம் தங்கள் கவனத்தைக் கலைக்கிறது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். (2009 சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் இந்தத் தேர்வை எழுதின. கடைசி வரிசையில் வந்தோம். அதற்கப்புறம் இந்தியா அந்தத் தேர்வு எழுதியதாகவே பதிவு இல்லை. காய்ச்சல் அடிக்கிறது என்று காட்டிய தெர்மாமீட்டரை ஜன்னல் வழியாக எறிந்த கதை.)

சரி, ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இல்லை என்று அர்த்தம். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில மென்பொருள்கள் பிள்ளையின் வகுப்பைப் பார்ப்பதில்லை, பிள்ளையைப் பார்க்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பையன் வகுத்தலில் தப்புச் செய்தால், எந்த மாதிரித் தப்பு என்று பார்த்து அவனை ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு இறக்கும். அங்கே சரியாக வந்த பிறகு ஒரு படி ஏற்றும். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து முரளிதரன், சிங், கனிமியன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 2019-இல் வெளியான ஆய்வு. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் சுமார் 600 பேரில், குலுக்கலில் தேர்ந்தவர்களுக்கு மட்டும் பள்ளி முடிந்த பின் ஒரு மையத்தில் இடம் கொடுத்தார்கள். நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே முன்னேறினார்கள். மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கும் அது வேலை செய்தது.

ஆனால் அங்கே நடந்தது என்னவென்று பாருங்கள். ஒரு அமர்வு 90 நிமிடம். அதில் 45 நிமிடம்தான் கம்ப்யூட்டர். மீதி 45 நிமிடம் ஒரு உதவி ஆசிரியர் பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். வாரத்தில் ஆறு நாள், ஒரு மையத்துக்குப் போய், ஒரு பெரிய ஆளின் கண் முன்னால். கட்டிலில் படுத்துக்கொண்டு அல்ல. இன்னொன்று, இதை யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள்: பிள்ளைகள் கணக்குக் கற்றது உண்மை, ஆனால் பள்ளி நடத்திய கணக்குத் தேர்வின் மார்க்கில் அது தெரியவில்லை. ஏன் தெரியும்? பையன் கீழ் வகுப்புப் பாடத்தில் ஏறி வந்திருக்கிறான், பள்ளிக் கேள்வித்தாள் எட்டாம் வகுப்பில் நிற்கிறது. அப்படி ஏறி வந்த பிள்ளைக்கு, ரேங்க் கார்டில் அதே பழைய சிவப்புக் கோடுதான். 90 மார்க் உறுதி என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்னால் குஜராத்தின் வதோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்தார்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர், வாரத்துக்கு இரண்டே மணி நேரம், கணக்கு விளையாட்டு. நல்ல முன்னேற்றம். நிறுத்தி ஒரு வருடம் ஆனதும் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

உங்களிடம் வருகிறவரின் ஆப் இந்த வகையா என்று கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். டெமோ காட்டும்போது டேபை நீங்கள் கையில் வாங்குங்கள். ஒரே பாடத்தில் ஐந்து கேள்விக்கு வேண்டுமென்றே தப்பான விடையை அழுத்துங்கள். ஆறாவது கேள்வி எளிதாகிறதா, கீழ் வகுப்புக்குப் போகிறதா, செய்த தப்பை ஒட்டி ஏதாவது கேட்கிறதா? அல்லது “பரவாயில்லை, மறுபடி முயற்சி செய்” என்று ஒரு பொம்மை குதித்துவிட்டு அதே வீடியோவைப் போடுகிறதா? இரண்டாவது என்றால், அது வீடியோ கேசட். வீடியோ கேசட் உங்களுக்கு இனாமாகவே கிடைக்கிறது. பையனின் பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கோடு அச்சடித்திருக்கிறார்கள். பள்ளிக்கல்வித் துறை 2023-இல் மணற்கேணி என்று ஒரு ஆப்பும் விட்டிருக்கிறது, காசு கிடையாது. வீட்டில் இருக்கும் பழைய போனே போதும்.

இப்போது அந்தத் தவணைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது மார்க்கைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான்.

இவர்கள் ஏன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்? அப்பா அம்மா இரண்டு பேரும் இருக்க வேண்டும். பையனைக் கூப்பிட்டு, அவனுக்கு இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து, அல்லது புதிர் மாதிரி ஒன்றிலிருந்து கேள்வி கேட்பார்கள். அவன் விழிப்பான். அப்பாவின் முகம் மாறும். அந்த நிமிடத்தில்தான் விலைப்பட்டியல் வெளியே வரும். இன்றைக்கே பதிவு செய்தால் தள்ளுபடி என்பார்கள், அடுத்த வாரம் வந்தாலும் அதே தள்ளுபடி இருக்கும். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது வாயால் மட்டும் சொல்வது. எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

ஆதார், பான் கார்டு, ஒரு செல்ஃபி, போனுக்கு வருகிற ஓடிபி. “ரெஜிஸ்ட்ரேஷனுக்குத்தான்” என்று கேட்பார்கள். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு பான் கார்டு எதற்கு? நீங்கள் அந்த ஓடிபியைச் சொன்ன நிமிடத்தில், பெயரே கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் கடன் வாங்கியாகிவிட்டது. அந்த நிறுவனம் முழுப் பணத்தையும் ஆப் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். அதோடு கம்பெனிக்கு உங்களிடம் வேலை முடிந்தது. பையன் ஆப்பைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும், மாதாமாதம் 2,250 உங்கள் கணக்கிலிருந்து தானாகப் போகும். ஆப் கம்பெனியைக் கேட்டால் கடன்காரரைக் கேள் என்பார்கள், கடன்காரரைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்பார்கள். கோபத்தில் தவணையை நிறுத்தினால் உங்கள் சிபில் ஸ்கோர் விழும். நாளைக்குத் தையல் கடைக்கு ஒரு லோன் என்று வங்கிக்குப் போனால் அங்கே இது வந்து நிற்கும். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம், கம்பெனியே ஊரைவிட்டுப் போன பிறகும் பதினோரு மாதம் கட்டியது. டேப் அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல. மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோருக்கு எச்சரிக்கை விட்டது. தானாகப் பணம் பிடிக்க அனுமதி கொடுக்காதீர்கள், உங்களுக்குத் தெரியாமல் கடன் ஒப்பந்தம் போடுகிறார்கள், பாருங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, அதனால் உங்கள் வரைக்கும் அது வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். டெல்லியில் ஒரு காகிதத்தை வெளியிட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டால் திண்டுக்கல்லில் தையல் மெஷின் முன்னால் இருக்கிறவருக்கு எப்படி வந்து சேரும்? விற்கிறவன் வீடு தேடி வருகிறான், எச்சரிக்கிறவர் இணையதளத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்கிறீர்கள். அவருக்கு இதைச் சொல்லுங்கள். டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் ஒரு விதி வைத்தது. கடன் எடுத்ததும் ஒரு சில நாள் அவகாசம் உண்டு, அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டினால் அபராதமில்லாமல் வெளியே வரலாம். எத்தனை நாள் என்பது கடன் கொடுப்பவர் வைப்பது, ஒரே நாளாகக்கூட இருக்கலாம், அதனால் நாளை நாளை என்று தள்ளக் கூடாது. கடனின் முக்கிய விவரங்கள் ஒரே தாளில் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அவகாசம் அதில் போட்டிருக்கும். அவகாசம் தாண்டிவிட்டால் போனில் கெஞ்ச வேண்டாம். கம்பெனிக்கும் கடன்காரருக்கும் ஒரே மின்னஞ்சலில், ரத்து செய்யக் கேட்டு, தேதியோடு எழுதட்டும். நுகர்வோர் உதவி எண் 1915. கடன் நிறுவனம் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், அதற்கு எண் 14448. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நாளாகும். வாய்தா மேல் வாய்தா போடுவார்கள். ஆனால் நோட்டீஸ் போனதும் பேரம் பேச வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

54,000 ரூபாய்க்குப் பதில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தெருவில் கணக்கு படித்த கல்லூரிப் பெண் யாராவது இருந்தால், வாரத்தில் நான்கு நாள், ஒரு மணி நேரம், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பையன் வெட்கப்படுவான். “சின்னப் பசங்க புக்கு” என்பான். அட்டை போட்டுவிடுங்கள். இது நான் சும்மா சொல்வதல்ல. கொரோனாவுக்குப் பிறகு இங்கே இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களை வைத்து சாயங்கால வகுப்பு நடத்தினார்களே, அதைத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், விட்டுப்போனதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்பில் கால்வாசிக்கு அருகே அந்த வகுப்புகளின் பங்கு. திண்ணையும் கரும்பலகையும் ஒரு அக்காவும்தான் அங்கே இருந்த தொழில்நுட்பம்.

பள்ளியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் ஹைடெக் லேப் ஒன்று பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று மூன்று பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. ஆசிரியர் என்ன செய்வார், போர்ஷன் முடிக்க வேண்டும், எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், 42 பிள்ளைகளில் யாருக்கு வகுத்தல் வரவில்லை என்று பார்க்க அவருக்கு எங்கே நேரம்? ஆனாலும் கணக்கு ஆசிரியரைப் பார்த்து, பையன் செய்த மூன்று கணக்கையும் காட்டுங்கள். “எதிலிருந்து ஆரம்பிக்கலாம் சார்” என்று கேளுங்கள். மார்க்கைக் கேட்டால் மார்க்கைச் சொல்வார், இதைக் கேட்டால் உட்கார்ந்து பேசுவார்.

வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, போனை எப்படி வாங்கி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், பத்து நிமிடம் போதும். அப்புறம் போன் அடுப்படி அலமாரி மேல். விடை எழுதிய பிறகு சரிபார்க்க எடுக்கலாம். கணக்கைப் படம் எடுத்தால் விடை சொல்லும் ஏஐ ஆப்கள் வந்துவிட்டன அல்லவா, துருக்கியில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள்: கேட்டால் விடை சொல்லும் ஏஐ ஒன்று கையில் இருக்கும்போது பயிற்சிக் கணக்கில், அது இல்லாதவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்ததும், அது இல்லாமலே படித்தவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள்.

இன்று சாயங்காலம் அந்த மூன்று கணக்கையும் கொடுங்கள். தப்பாக வந்தால் அழித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். அந்தத் தாளை அப்படியே படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்த வகுப்புப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று எழுதுகிறேன்.